பாறசாலைக்குப் போகும் தேன் பாட்டிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே வீட்டையொட்டிச் சிறிய தேன் கடை வைத்திருக்கிறேன். தேனீ வளர்ப்பவர்களிடம் தேன் வாங்கி, வடிகட்டி, அரைக் கிலோ பாட்டில்களில் அடைத்து, என் லேபிளை ஒட்டி 400 ரூபாய்க்கு விற்கிறேன். மாதம் 200 பாட்டில் போகிறது. 80 பாட்டில் கடையிலேயே விற்றுவிடும். 40 பாட்டில் சென்னை, மதுரைக்குக் கூரியரில் போகிறது. மூன்று மாதமாக வாட்ஸ்அப் மூலம் கேரளத்திலிருந்து ஆர்டர் வருகிறது. அது மட்டும் 80 பாட்டில். கூரியர் செலவு என்னுடையது. எல்லாம் போக, அனுப்பும் பாட்டிலில் 90 ரூபாய் நிற்கிறது. ஆன்லைனில் விற்றால் ஜிஎஸ்டி கட்டாயம் என்கிறார் அண்ணன். 40 லட்சம் வரை வேண்டாம் என்கிறார் கூரியர் கடைக்காரர். கேரள எல்லையைத் தாண்டிப் பாறசாலையில் இருக்கும் சித்தியோ, லேபிளை உரித்துவிட்டு பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்கிறார். என்னைப் போன்ற சிறியவர்களிடமும் ஆன்லைன் விற்பனைக்கு வரி கேட்பது நியாயமா?
– ஒரு வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்: சகோதரி, அண்ணன் சொன்னதும் கூரியர் கடைக்காரர் சொன்னதும் பாதிப் பாதி சரி. சித்தி சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்பது, மாநிலத்துக்குள்ளேயே விற்பவருக்கான சலுகை. வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆவது பிரிவு முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்கிறது. ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்ததா, தபால் அட்டையில் வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் ஆண்டு விற்பனை 9 லட்சத்து 60 ஆயிரம்தான். ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்கு எத்தனை பாட்டில் அனுப்பினாலும், இந்த அளவு விற்பனைக்கு நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. களியக்காவிளையைத் தாண்டி அடுத்த ஊரில் இருக்கும் சித்திக்கு ஒரு பாட்டில் விற்று அனுப்பினால் பதிவு வேண்டும். 1956 நவம்பர் 1 வரை மார்த்தாண்டமும் பாறசாலையும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இன்றுவரை நிற்கவில்லை. வரிச் சட்டத்துக்கு அந்த உறவு தெரியாது.

பாறசாலைக்காரர் உங்கள் கடைக்கே வந்து, காசு கொடுத்து, பாட்டிலைக் கையில் வாங்கிப் போனால் கதை வேறு. பதிவில்லாத வாடிக்கையாளரின் முகவரியைப் பில்லில் எழுதாதபோது, விற்பனை நடந்த இடம் உங்கள் கடை இருக்கும் இடமே. அதாவது அது தமிழ்நாட்டு விற்பனை. வீட்டு முகவரிக்கு அனுப்பி வைக்கும்போதுதான் அது கேரள விற்பனை ஆகிறது.

லேபிளை உரிக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. உதிரியாக அளந்து விற்கும் தேனுக்கு வரி இல்லை. அடைத்து லேபிள் ஒட்டிய தேனுக்கு 5 சதவீதம். ஆனால் வாங்குபவர் எதிரில் இல்லாமல், குறிப்பிட்ட அளவில் முன்கூட்டியே அடைத்து வைத்த பாட்டில், எடையளவுச் சட்டப்படி லேபிள் இருந்தாக வேண்டிய பாட்டில். லேபிளை எடுத்துவிட்டால் வரி போய்விடாது, இன்னொரு சட்டத்தையும் மீறியதாகும். அதோடு, மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் நேரத்தில், பெயரில்லாத பாட்டிலாக அது பஸ் இருக்கைக்கு அடியில் உருண்டு போவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனிப் பணக் கணக்கு. ஜிஎஸ்டி என்றதும் 400 ரூபாயில் 20 ரூபாய் போய்விடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நீங்கள் அனுப்பிய செலவுச் சீட்டைப் பார்த்தேன். கூரியர் 80 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 14 ரூபாய் 40 காசு. பாட்டில், மூடி, லேபிள் 25 ரூபாய், அதன் மேல் 4 ரூபாய் 50 காசு. ஆக, பாட்டிலுக்கு 18 ரூபாய் 90 காசு வரியை நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பதிவு இல்லாததால் அதைத் திரும்பக் கேட்க வழியில்லை, செலவோடு செலவாகப் போகிறது.

பதிவு செய்துகொண்டு, விலையை 400 ரூபாயிலேயே நிறுத்துங்கள். வரி உட்பட 400 என்றால் அதில் வரி 19 ரூபாய் 5 காசு. உள்ளீட்டு வரி வரவாக 18 ரூபாய் 90 காசு கழிந்துவிடும். அரசுக்கு நீங்கள் கையிலிருந்து கட்டுவது பாட்டிலுக்கு 15 காசு. கூரியர்காரரும் பாட்டில் கடைக்காரரும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பில் தந்து, அவர்களும் ஒழுங்காக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும் என்பதுதான் இதற்கு நிபந்தனை. துண்டுச் சீட்டுக்கு வரவு கிடையாது.

இடிப்பது கடை விற்பனையில்தான். பதிவு செய்துவிட்டால் கேரளப் பாட்டிலுக்கு மட்டும் வரி என்று பிரித்துக்கொள்ள முடியாது, கடையில் விற்கும் 80 பாட்டிலுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அவற்றுக்குக் கூரியர் இல்லை என்பதால் கழிக்கக் கிடைப்பது 4 ரூபாய் 50 காசுதான். பாட்டிலுக்கு 14 ரூபாய் 55 காசு வீதம் மாதம் 1,164 ரூபாய். கூரியரில் போகும் 120 பாட்டிலுக்கு 18 ரூபாய். ரிட்டர்ன் தாக்கலுக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் மாதம் 1,000 ரூபாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,182 ரூபாய். கேரள ஆர்டரை விட்டுவிட்டால் 80 பாட்டிலுக்கு 90 வீதம் 7,200 ரூபாய் போகும். பதிவு செய்யுங்கள் என்பதே என் பதில். பக்கத்து வீட்டுக்காரர் சொந்தப் பாத்திரத்தோடு வந்தால் அவர் எதிரிலேயே உதிரியாக அளந்து கொடுங்கள், அதற்கு வரி இல்லை.

சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் விற்பனையில் 1 சதவீதம்தானே என்று யாராவது சொல்வார்கள். அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்ப முடியாது, உங்களுக்கு அது உதவாது. பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். விற்பனையே இல்லாவிட்டாலும் தாக்கல் செய்ய மறக்காதீர்கள்.

கடந்த மூன்று மாதக் கணக்கையும் மூடி வைக்க வேண்டாம். கேரளத்துக்கு அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்தே பதிவுக் கடமை வந்துவிட்டது. 600 பாட்டிலுக்கு 11,430 ரூபாய் வரி, அதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. நோட்டீஸ் வரும் முன் நீங்களே கட்டிவிட்டால் அதிகாரி கேட்கும்போது சொல்ல நல்ல பதில் இருக்கும். காத்திருந்தால் பதிவு செய்யாததற்கான அபராதமே 10,000 ரூபாயில்தான் தொடங்குகிறது.

நியாயமா என்று கேட்டீர்கள். வரி நியாயம் என்றே நினைக்கிறேன். ஜிஎஸ்டிக்கு முன் மத்திய விற்பனை வரி சரக்கு புறப்படும் மாநிலத்துக்குப் போயிற்று. கேரளத்தில் வாங்குபவர்கள் பெருகினார்கள், வரி அங்கே போய்ச் சேரவில்லை. அந்தக் கோபத்தில் கேரள வணிக வரித் துறை ஆன்லைன் நிறுவனங்கள்மீது அபராதம் விதித்தது. இது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை என்று கேரள உயர் நீதிமன்றம் 2015-இல் அதை ரத்து செய்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் வரியில் மாநிலத்தின் பங்கு, சரக்கு போய்ச் சேரும் மாநிலத்துக்கு. அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் நின்ற வரிசையும் அதோடு போயிற்று. உங்கள் தேனைச் சாப்பிடுபவரின் மாநிலத்துக்கு அந்தப் பணம் போவதில் எனக்கு மறுப்பில்லை. கடை வாடகை கொடுத்து அதே தேனை நெய்யாற்றின்கரையில் விற்பவருக்கும் அதுதான் நியாயம்.

என் கோபம் அந்த முதல் ரூபாய் மீது. அமெரிக்காவில் இதே வழக்கு பல ஆண்டு நடந்தது. மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ இல்லாதவரிடம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று 1992-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2018-இல் தெற்கு டகோட்டா வழக்கில் அதை மாற்றியது. ஆனால் அந்த மாநிலச் சட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் விற்பனை அல்லது 200 பரிவர்த்தனை என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே இருந்த சிறியவர்களை விட்டுவிட்டது. இங்கே, மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து பாறசாலைக் கடைக்குக் கணக்கு எழுதித் தருபவருக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். அதே தெருவிலிருந்து தேன் அனுப்பும் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் சலுகை இல்லை. சேவைக்குக் கொடுத்த வரம்பைச் சரக்குக்கும் கொடுக்க வேண்டும். செங்கோட்டையிலும் கம்பத்திலும் வாளையாறு ஓரத்திலும் உங்களைப் போல் எத்தனையோ பேர் இந்த ஒரு விதிக்காகப் பக்கத்து ஊர் ஆர்டரை மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவு வந்ததும் உங்கள் எண் 33 என்று தொடங்கும். அது தமிழ்நாட்டின் குறியீடு. சித்திக்குப் போடும் முதல் பில்லில், விற்பனை இடம் என்ற கட்டத்தில் 32 – கேரளா என்று எழுதுங்கள். தேனின் மதிப்பு 380 ரூபாய் 95 காசு. வரியை மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரிக்காமல், ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கான ஜிஎஸ்டி) என்ற ஒரே வரியில் 19 ரூபாய் 5 காசு என்று போடுங்கள். லேபிள் பாட்டிலிலேயே இருக்கட்டும்.