சரக்கு இழுக்கும் பழைய ஆல்கோ எஞ்சின்கள்: கேள்வி பதில்

டீசல் ஷெட்டில் பராமரிப்புப் பணி பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சரக்கு வண்டிகளுக்கென வந்த டபிள்யூடிஜி-3ஏ வகை டீசல் எஞ்சின்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். சிக்னலும் கால அட்டவணையும் என் துறை அல்ல.

கேள்வி: கிளம்பும்போது இவ்வளவு கரும்புகை ஏன்?

லோகோ பைலட் நாட்சை (திறனைக் கூட்டும் கைப்பிடியின் படியை) உயர்த்தியதும், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை உடனே கூட்டிவிடுகிறது. சிலிண்டர்களுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோ கழிவு வாயுவின் விசையில் சுழல்வதால், வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகின்றன. அதுவரை சிலிண்டர்களுக்குக் காற்று போதாமல், எரியாத கரி புகையாக வெளியேறுகிறது. சீரான ஓட்டத்திலும் புகை நிற்கவில்லை என்றால், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், காற்று வடிகட்டி, டர்போ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஸ்கூட்டருக்குக் கேட்கும் கேள்வி இது. ரயில்வேயில் ஆயிரம் மொத்த டன் கிலோமீட்டருக்கு (அதாவது ஆயிரம் டன் எடையை ஒரு கிலோமீட்டர் இழுக்க) எத்தனை லிட்டர் என்றே கணக்கிடுவார்கள்.

கேள்வி: புகை வந்தால் எஞ்சின் பழுதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பயணிகள், சரக்கு இரண்டுக்கும் ஓடும் டபிள்யூடிஎம்-3ஏ டீசல் எஞ்சினுக்கும் இதற்கும் 3100 குதிரைத்திறன்தானே? பெயர் மட்டும்தான் வேறா?

இல்லை. இரண்டிலும் இருப்பது அதே 16 சிலிண்டர் ஆல்கோ 251 குடும்ப இயந்திரம்தான் (அதை வடிவமைத்த அமெரிக்க நிறுவனம் 1969-இலேயே கதவடைத்தது என்பது வேறு கதை). வேறுபாடு சக்கரத்தருகே இருக்கிறது. டபிள்யூடிஎம்-3ஏ-வின் பல்சக்கர விகிதம் (மோட்டாரின் பல்சக்கரத்திலும் அச்சின் பல்சக்கரத்திலும் உள்ள பற்களின் விகிதம்) 18:65. 1995-இல் வாரணாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய டபிள்யூடிஜி-3ஏ-வுக்கு 18:74. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் அதிகமாகச் சுழல்கிறது. அதே இழுவிசைக்கு மோட்டாருக்குக் குறைந்த மின்னோட்டம் போதும் என்பதால், ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது மோட்டார் அவ்வளவு சூடாகாது.

அவரே மீண்டும்: டபிள்யூடிஎம்-3ஏ சரக்கு வண்டி இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நானும்தான் பார்த்திருக்கிறேன். இழுக்காது என்று யார் சொன்னார்கள்? முழுச் சுமையோடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்பும்போதுதான் வேறுபாடு தெரியும். டபிள்யூடிஜி-3ஏ-வின் போகியில் (மூன்று அச்சுகளைத் தாங்கும் சக்கரச் சட்டத்தில்) மூன்று மோட்டார்களும் ஒரே திசை நோக்கி அமைந்திருப்பதால், இழுக்கும்போது அச்சுகளுக்கிடையே எடை இடம் மாறுவது குறைகிறது. 123 டன் எடையும் ஏறக்குறைய சமமாகத் தண்டவாளத்தை அழுத்துவதால் சக்கரம் எளிதில் வழுக்காது.

இன்னொருவர்: அப்படியானால் 4000 குதிரைத்திறன் உள்ள டபிள்யூடிஜி-4 வந்தது எதற்கு? திறன்தானே இழுக்கிறது?

வேகம் பிடித்த பிறகு திறன் பேசும். கிளம்பும் நேரத்தில் தண்டவாளத்தில் சக்கரத்துக்குள்ள பிடிப்புதான் பேசும். டபிள்யூடிஜி-4-இன் மும்முனை மாறுமின்னோட்ட மோட்டார்களும் கணினிவழி வழுக்கல் கட்டுப்பாடும் அந்தப் பிடிப்பை இன்னும் நன்றாகப் பயன்படுத்துகின்றன. அதன் வெற்றியைக் குதிரைத்திறனின் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: நிற்கும் எஞ்சின் மேல் ஏறிப் படம் எடுக்கலாமா?

கூடாது. டீசல் எஞ்சின்தானே என்று நினைக்காதீர்கள். மின்மயமான பாதையில் அதன் தலைக்கு மேலும் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே போதும், உயிர் போகும்.

கேள்வி: கரும்புகை...

முதல் பதில்.

முதலில் வாதிட்டவர்: டபிள்யூடிஜி-3ஏ பயணிகள் வண்டியை இழுக்குமா?

இழுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பல்சக்கர விகிதத்துக்கு விலை உண்டு: மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகாது, உங்கள் டபிள்யூடிஎம்-3ஏ 120 வரை போகும். அந்த ஒரு புள்ளியை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.