வலிப்பு நோயுள்ள நாயைத் தத்தெடுக்கும் முன்

கேள்வி: காப்பகம் ஒன்றில் மீட்டு வைத்திருக்கும் நான்கு வயதுப் பெண் நாயைத் தத்தெடுக்க விரும்புகிறோம். அதற்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், மாதம் ஒரு முறை வலிப்பு வருவதாகவும், தினமும் இரண்டு வேளை பினோபார்பிட்டால் மாத்திரை கொடுத்தால் போதும் என்றும் அங்கே சொன்னார்கள். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். இந்த நாயை எங்களால் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா? எதையெல்லாம் விசாரித்து முடிவு செய்ய வேண்டும்?

பதில்: முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் வலிப்பு நோய் என்ற பெயரைக் கேட்டு அஞ்சியோ இரக்கப்பட்டோ முடிவெடுக்க வேண்டாம். ஒரே பெயருள்ள இந்த நோய் ஒரு நாய்க்கு ஆண்டில் ஓரிரு முறை வந்துபோகும் தொந்தரவாக இருக்கும். இன்னொரு நாய்க்கு மூன்று மருந்துகளுக்கும் அடங்காததாக இருக்கும். உங்கள் நாய் இவற்றில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும், மாத்திரையின் நேரத்துக்கு உங்கள் வீடு கட்டுப்படுமா என்பதையும் தெரிந்துகொண்டால் பாதி முடிவு வந்துவிடும்.

முதலில் அந்த 'மாதம் ஒரு முறை' என்ற கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். காரணம் கண்டறிய முடியாத வலிப்பு நோயில், நாய் ஓய்வாகப் படுத்திருக்கும்போதோ தூங்கும்போதோதான் வலிப்பு பெரும்பாலும் வருகிறது. இரவில் ஆள் இல்லாத காப்பகத்தில் அதைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. ஆகவே காப்பகம் சொல்லும் எண்ணிக்கை என்பது பார்த்தவற்றின் எண்ணிக்கை மட்டுமே. அவர்கள் எதையும் மறைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. காலையில் கூண்டைச் சுத்தம் செய்பவரிடம் பேசுங்கள். படுக்கைத் துணி சிறுநீரிலும் எச்சிலிலும் நனைந்து கிடந்ததுண்டா, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்ததுண்டா, சில காலைகளில் நாய் தள்ளாடியதுண்டா, நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயம் இருந்ததுண்டா என்று கேளுங்கள். என் அனுபவத்தில், அலுவலகத்தில் கிடைக்காத தகவல் இவர்களிடம் கிடைக்கும்.

மருந்துப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலை எட்டு, இரவு எட்டு என்று கட்டம் போட்டு, கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் இருந்தால் நல்லது. கட்டங்கள் ஆங்காங்கே வெறுமையாக இருந்தால், அந்த நாய்க்கு வரும் வலிப்புகளில் சில மாத்திரை தவறியதால் வந்தவையாக இருக்கலாம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: வீட்டில் ஒழுங்காக மருந்து கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மேம்பட வாய்ப்பிருக்கிறது.

அடுத்தது, நோய் எப்படி உறுதி செய்யப்பட்டது என்பது. பன்னாட்டுக் கால்நடை வலிப்பு நோய் வல்லுநர் குழு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் வலிப்பு ஆறு மாத வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வந்திருந்து, இடைப்பட்ட காலத்தில் நாய் இயல்பாக இருந்து, நரம்பியல் பரிசோதனையிலும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளிலும் வேறு காரணம் தென்படாவிட்டால், அதைக் காரணம் கண்டறிய முடியாத வலிப்பு நோய் என்று கொள்ளலாம். மீட்கப்பட்ட நாய்களில் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. தலையில் பட்ட பழைய அடி, டிஸ்டெம்பர் நோய் விட்டுச்சென்ற மூளைப் பாதிப்பு, கல்லீரல் குறைபாடு, இரத்தச் சர்க்கரை குறைதல் ஆகியவையும் வலிப்பாகவே வெளிப்படும். இதயக் கோளாறால் மயங்கி விழுவதைக்கூட வலிப்பு என்று தவறாக எண்ணிவிடுவதுண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. காப்பக ஊழியர் யாரேனும் கைபேசியில் வலிப்பைப் படம் பிடித்திருந்தால், அந்த ஒரு நிமிடக் காட்சி உங்கள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

எண்ணிக்கையைவிட நான் அதிகம் கவனிப்பது வலிப்பின் தன்மையை. ஒரே வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்ததா, 24 மணி நேரத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வலிப்புகள் வந்தனவா என்று நேரடியாகக் கேளுங்கள். மாதம் ஒரு முறை வந்து இரண்டு நிமிடத்தில் அடங்கும் வலிப்பைவிட, நான்கு மாதத்துக்கு ஒரு முறை வந்தாலும் ஒரே நாளில் ஐந்தாறாக அடுத்தடுத்து வரும் வலிப்புதான் ஆபத்தானது. இரண்டாவது வகையாக இருந்தால், நள்ளிரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மலக்குடல் வழியாகவோ மூக்கு வழியாகவோ செலுத்தும் அவசர மருந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்து, அதைப் பயன்படுத்தும் முறையை உங்கள் இருவருக்கும் செய்துகாட்ட வேண்டும்.

இனி மருந்து. பினோபார்பிட்டாலை 12 மணி நேர இடைவெளியில் கொடுக்க வேண்டும். தொடங்கிய பிறகும் அளவை மாற்றிய பிறகும் அது இரத்தத்தில் ஒரு நிலையான அளவை எட்டச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதன்பின் இரத்தத்தில் மருந்தின் அளவையும், குறிப்பிட்ட இடைவெளிகளில் கல்லீரல் செயல்பாட்டையும் சோதிக்க வேண்டும். கடைசியாக எப்போது சோதித்தார்கள், அளவு என்னவாக இருந்தது என்று காப்பகத்தில் கேளுங்கள். அளவு குறைவாக இருந்த நிலையில்தான் மாதம் ஒரு வலிப்பு வருகிறது என்றால், மருத்துவர் மருந்தைச் சற்றுக் கூட்ட இடமிருக்கிறது. போதிய அளவு இருந்தும் வருகிறது என்றால், பொட்டாசியம் புரோமைடு போன்ற இரண்டாவது மருந்தைச் சேர்க்க வேண்டிவரலாம். புரோமைடு கொடுக்கும்போது உணவில் உள்ள உப்பின் அளவு திடீரென மாறினால் இரத்தத்தில் மருந்தின் அளவும் மாறிவிடும். ஆகையால் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வலிப்பு அறவே நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நாய்களுக்கு அப்படி நிற்கும்; பல நாய்களுக்கு வலிப்பு குறைந்து, இடைவெளி நீண்டு, மற்ற நாள்கள் இயல்பாகக் கழியும்.

மருந்தைத் திடீரென நிறுத்துவதுதான் இந்த நோயில் நேரக்கூடிய மிகப் பெரிய பிழை. நாய் நன்றாக இருக்கிறது என்று எண்ணியோ, மாத்திரை தீர்ந்துபோயோ நிறுத்தினால், முன்பு இருந்ததைவிடக் கடுமையான வலிப்பு வரலாம். இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. எனவே குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காமல், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் இருவரும் வேலைக்குச் செல்வது இதற்குத் தடையில்லை. காலை ஏழும் இரவு ஏழும் உங்களுக்குச் சாத்தியமா, ஒருவர் வெளியூர் செல்லும் நாளில் மற்றவர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பாரா என்பதே கேள்வி. பகலில் நாய் தனியாக இருக்கும்போது வலிப்பு வரக்கூடும். எனவே அது இருக்கும் அறை தரைத்தளத்தில், கூரிய முனையுள்ள சாமான்கள் இல்லாமல் இருக்க வேண்டும். மாடிப்படிக்குத் தடுப்பு வேண்டும். நீச்சல் குளமோ திறந்த தொட்டியோ இருந்தால் நாய் அங்கே போக முடியாதபடி மூடிவிடுங்கள்.

மகனைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வலிப்பு வரும்போது நாய் சாய்ந்து விழும், கால்கள் விறைத்து உதைக்கும், வாயில் நுரை தள்ளும், சிறுநீரோ மலமோ கழியும். அப்போது நாய்க்குப் பெரும்பாலும் நினைவு இருப்பதில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் அது கொடுமையாகத் தோன்றும். நாக்கை விழுங்கிவிடும் என்ற பயத்தில் வாய்க்குள் கை விடுகிறார்கள். நாய் நாக்கை விழுங்காது, கைதான் கடிபடும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள சாமான்களை அகற்றி, விளக்கையும் சத்தத்தையும் குறைத்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

உண்மையில் குழந்தையைக் காக்க வேண்டிய நேரம் வலிப்புக்குப் பிறகு வருவது. நாய் எழுந்து நின்றுவிட்டதால் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அதற்குப் பார்வை தற்காலிகமாக மங்கியிருக்கலாம், உங்களையே அடையாளம் தெரியாமல் இருக்கலாம், சுவரில் முட்டிக்கொண்டு ஓயாமல் நடக்கலாம், தொட்டால் திடுக்கிட்டுக் கடித்தும் விடலாம். இந்நிலை சில நிமிடங்களிலிருந்து பல மணி நேரம்வரை நீடிக்கும். பெயர் சொல்லி அழைத்தால் வாலாட்டி வரும்வரை மகன் அதன் அருகில் போகக் கூடாது என்பதைக் கட்டாய விதியாக வையுங்கள். வலிப்பு வந்ததும் அவன் செய்ய வேண்டியது பெரியவர்களைக் கூப்பிடுவது மட்டுமே. இன்னொன்று: பினோபார்பிட்டால் நாயின் பசியையும் தாகத்தையும் மிகவும் கூட்டும். எந்நேரமும் பசியோடு இருக்கும் நாய், குழந்தையின் தட்டை நோக்கித் தாவும். இருவரும் சாப்பிடும் இடங்கள் தனித்தனியாக இருக்கட்டும்.

உண்ணி ஒழிப்பு மாத்திரை விஷயத்திலும் கவனம் தேவை. மீட்கப்பட்ட நாய்களுக்கு இதைக் கொடுப்பது வழக்கம். ஐசாக்சசோலின் வகையைச் சேர்ந்த அபாக்சோலனர், புளூரலனர், சரோலனர், லோட்டிலனர் ஆகிய மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு வலிப்பு வந்த தேதிகளையும் இந்த மாத்திரை கொடுத்த தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது மாத்திரையை மட்டும் எண்ணாதீர்கள். இரத்தப் பரிசோதனைகளும் எதிர்பாராத அவசரச் சிகிச்சையும்தான் கையைக் கடிக்கும். முன்பே இருக்கும் நோய்க்குக் காப்பீடு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, இரண்டு மருந்துகள் கொடுத்தும் அடங்கவில்லை, இரவில் போக மருத்துவமனையும் இல்லை என்றால், இந்த நாயைத் தத்தெடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். அவசரத்துக்கு ஆள் இருக்கும் வீடு அதற்குக் கிடைக்கட்டும். அப்படி இல்லையென்றால், உடனே கையெழுத்திடாமல், இரண்டு மாதம் தற்காலிகப் பராமரிப்பில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பல காப்பகங்கள் சம்மதிக்கும். அந்தக் காலத்தில் காப்பகம் கொடுத்த அதே மாத்திரையும் அதே உணவும் தொடரட்டும். முதல் வாரத்திலேயே உங்கள் மருத்துவரிடம் எல்லாப் பதிவேடுகளையும் எடுத்துச் செல்லுங்கள். இடமாற்றத்தின் பதற்றத்தில் முதல் சில வாரங்களில் வலிப்பு சற்றுக் கூடினாலும் மனம் தளராமல், ஒவ்வொன்றின் தேதி, நேரம், நீடித்த நிமிடங்கள், அதற்கு முந்தைய மாத்திரை கொடுத்த நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அளவை மாற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் அந்தக் குறிப்பேட்டை வைத்துத்தான் தீர்மானிப்பார்.