காய்ப்புக் குறைந்த கோகோ மரங்களை வெட்டிவிடலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 2 ஏக்கர் தென்னந்தோப்பில் ஊடுபயிராக 400 கோகோ மரங்கள் நிற்கின்றன. வயது 14. விலை இல்லாத வருடங்களில் கவாத்து, உரம் எல்லாம் விட்டுப்போயிற்று. இப்போது புதர்போல் வளர்ந்து, மரத்துக்கு 10, 15 காய்தான் கிடைக்கிறது. பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்கலாமா?

பதில்: பிடுங்க வேண்டாம். 14 வயது வேர் பெரிய சொத்து. விலையைப் பார்த்தும் அவசரப்படாதீர்கள். 2024 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டிய விலை, பிறகு இறங்கியும்விட்டது.

முதல் வேலை கவாத்து. தென்னை நிழலே ஒரு கூரை. அதன் கீழ் கோகோ தன் மேலேயே இன்னொரு கூரை போட்டுக்கொண்டிருக்கும். விசிறிபோல் கிளை பிரியும் கவையைப் பாருங்கள். கவனிக்காத மரத்தில் அங்கிருந்து நேர்ப்போத்து (செங்குத்தாக வளரும் தளிர்) கிளம்பி, மேலே இரண்டாவது அடுக்கு உருவாகியிருக்கும். முக்கிய அறுவடை முடிந்த கையோடு அந்த மேலடுக்கை ரம்பத்தால் எடுத்து, உயரத்தை 3 மீட்டருக்குள் நிறுத்துங்கள். உட்புறம் குறுக்கே போகும் கிளை, தரையைத் தொடும் கிளை, அடித்தண்டுப் போத்து எல்லாம் போகட்டும். ஆனால் ஒரே தடவையில் மொட்டையடித்தால் தண்டில் வெயில் பட்டுப் பட்டை வெடிக்கும். இரண்டு தவணையாகச் செய்யுங்கள். உச்சிவேளையில் மரத்தடியில் ஆங்காங்கே வெயில் பொட்டு விழுந்தால் போதும். வெட்டுவாயில் போர்டோ பசை: 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர்.

அடுத்து உரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 கிராம் தழை, 40 கிராம் மணி, 140 கிராம் சாம்பல் சத்து. அதாவது சுமார் 220 கிராம் யூரியா, 200 கிராம் ராக் பாஸ்பேட், 235 கிராம் பொட்டாஷ். இரண்டாகப் பிரித்து ஏப்ரல்-மே, செப்டம்பர்-அக்டோபரில், 75 செ.மீ. ஆரத்தில் ஆழமில்லாத பாத்தியில் இடுங்கள். தென்னைக்குப் போடுவது இதில் சேராது. சொட்டுநீர் என்றால் கோடையில் மரத்துக்குத் தினம் 20 லிட்டர். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காதீர்கள். மகரந்தம் சேர்க்கும் பொடி ஈக்கள் அந்த மக்கில்தான் பெருகுகின்றன.

இப்படி ஓராண்டு பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மரத்தின் காயையும் எண்ணுங்கள். விரல் நீளப் பிஞ்சு கணக்கில் வராது; மரம் தன்னால் தாங்க முடியாததைத் தானே வாடவிடும், அதற்கு மருந்தும் தேவையில்லை. எல்லாம் செய்தும் காய்க்காத மரத்துக்கு மட்டும் பெயின்ட் குறி. அது இனக்கோளாறு. கோகோவில் பல மரங்கள் தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது.

குறியிட்ட மரத்தில் கவைக்குக் கீழே தண்டைப் பாதி அறுத்துச் சாய்த்துவிடுங்கள்; முழுக்கத் துண்டிக்கக் கூடாது. சாய்ந்த தலை மரத்துக்கு உணவு கொடுத்துக்கொண்டிருக்க, அறுத்த இடத்துக்குக் கீழே போத்துகள் கிளம்பும். திடமான 3, 4 போத்துகளை வைத்து மற்றதை ஒடித்து, அவற்றில் மொட்டு ஒட்டுக் கட்ட வேண்டும். ஒட்டுத் தளிர் முற்றிய பிறகே பழைய தலையை நீக்குங்கள். ஓராண்டு விளைச்சல் போகும், இரண்டாம் ஆண்டிலிருந்து ஈடுகட்டிவிடும். ஒட்டுக்குச்சியைக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளானிக்கரை மையத்திலோ கர்நாடகத்தில் உள்ள விட்டல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேளுங்கள். ஒரே ரகமாக வாங்காமல் நாலைந்து ரகம் கலந்து வாங்குங்கள்.

மழைக்காலத்தில் கருங்காய் அழுகல் வரும். அழுகிய காயை மரத்திலேயே தொங்கவிடுவதுதான் பரவக் காரணம். பறித்துப் புதைத்துவிட்டு 1 சத போர்டோ கலவை தெளியுங்கள்: 1 கிலோ மயில்துத்தம் 50 லிட்டரில், 1 கிலோ சுண்ணாம்பு 50 லிட்டரில், பிளாஸ்டிக் டிரம்மில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள்; செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அணில் பழுத்த காயைத்தான் தேடும்; எலியும் காயைக் கடிக்கும். 10, 15 நாளுக்கு ஒருமுறை தவறாமல் அறுத்தால் சேதம் குறையும். காயைத் திருகிப் பிய்க்காமல் காம்பைக் கத்தியால் வெட்டுங்கள், அடுத்த பூ காம்பு ஒட்டியிருந்த அதே புடைப்பில்தான் வரும்.

சிறு விவசாயிக்கு நஷ்டம் பெரும்பாலும் நொதிப்பில்தான், அதாவது காயிலிருந்து எடுத்த ஈரக் கொட்டையைப் புளிக்கவைப்பதில். குவியல் முறைக்குக் குறைந்தது 50 கிலோ ஈரக் கொட்டை வேண்டும். 20 கிலோவைக் குவித்தால் சூடு ஏறாது. நல்ல குவியல் இரண்டு நாளில் 45 டிகிரியைத் தாண்டும். அதனால் அக்கம்பக்கத்துத் தோப்புகளோடு பேசி ஒரே நாளில் காய் உடையுங்கள். வாழையிலை விரித்து மூடி, 3-ஆம், 5-ஆம் நாள் புரட்டி, 6 நாள் முடிந்து காயவையுங்கள். ஈரம் 7 சதவீதத்துக்குள் வர வேண்டும். கொட்டையை நெடுக்கே வெட்டிப் பாருங்கள்: சாம்பல் நிறம் என்றால் நொதிக்கவில்லை, ஊதா என்றால் பாதி, உள்ளே பிளவு விழுந்த பழுப்பு என்றால் சரி.

ஏறக்குறைய 3 கிலோ ஈரக் கொட்டைதான் 1 கிலோ காய்ந்த கொட்டை. காய்ந்ததன் விலை ஈரத்தின் விலையைப்போல் மூன்று மடங்கையும் ஆள்கூலியையும் தாண்டாத வாரத்தில், ஈரமாகவே அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.