மலமாற்றுச் சிகிச்சையை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: நான்கு வருடமாக எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்). அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஒரு மையத்தில் மலத்தைச் சோதித்துவிட்டு, 'நல்ல பாக்டீரியா குறைந்துவிட்டது, ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் குடலுக்குள் செலுத்தினால் நோயே போய்விடும், மாத்திரை வேண்டாம்' என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் குடலில் பாக்டீரியாக்களின் கலவை மாறியிருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தால் நோய் வந்ததா, புண்பட்ட குடலால் அந்த மாற்றம் வந்ததா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ஒரு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலே முடிவு மாறிவிடும். அதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய எந்த வழியும் இன்று இல்லை. உங்களுக்குப் பயன்படும் மலப் பரிசோதனை கால்ப்ரொடெக்டின்தான். குடலில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும்.

மலமாற்றுச் சிகிச்சையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 73 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தானமாகப் பெற்ற மலம் செலுத்தப்பட்ட 38 பேரில் 12 பேருக்கு எட்டு வாரத்தில் நோய் அடங்கியது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு வருடம் கழித்தும் நன்றாக இருந்தவர்கள் ஐந்தே பேர். இதை 'நிரந்தரக் குணம்' என்று விற்பவரை எப்படி நம்புவது? 'வீட்டிலேயே செய்யலாம், சொந்தக்காரர் மலம் போதும்' என்பவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். அதே 2019-இல் அமெரிக்காவில், சரியாகச் சோதிக்காத மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத ஈ. கோலை கிருமி இரண்டு பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி, பெரும்பாலும் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, குடலில் பெருகும். கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு அது எளிதில் வரும். வயிற்றுப்போக்கும் வலியும் உங்கள் நோய் கிளம்பியதைப் போலவே இருக்கும். அதனால் நோய் திடீரென்று கூடினால், ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கிருமிக்கு மலத்தைச் சோதிக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். பல இடங்களில் இதைச் செய்யாமலே மருந்தைக் கூட்டிவிடுகிறார்கள். இந்தத் தொற்று மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் மலமாற்றுச் சிகிச்சை உண்மையிலேயே பலன் தரும். 2022-லும் 2023-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டு தயாரிப்புகளும் இந்தத் தொற்று மீண்டும் வராமல் தடுக்கத்தான், கொலைட்டிஸுக்கு அல்ல.

பாக்டீரியா அடங்கிய ஒரு மாத்திரை மருந்தாகக் கடைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆய்வு கேட்கிறார்கள். அதே பாக்டீரியாவை உணவுத் துணைப்பொருள் என்று லேபிள் ஒட்டினால் அந்தக் கேள்விகள் வருவதில்லை. இது எனக்கு ஆறவே இல்லை. இப்படிப்பட்ட மையங்களுக்கு நோயாளியை அனுப்பிக் கமிஷன் வாங்குபவர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

சிகிச்சையை முயன்றே பார்க்க வேண்டும் என்றால், நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வில் சேர முடியுமா என்று உங்கள் குடல் நோய் மருத்துவரிடம் கேளுங்கள். பொதுவாக அங்கே சோதனைச் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், தானம் கொடுப்பவரையும் நன்றாகச் சோதித்திருப்பார்கள். அந்த மையம் முன்பணம் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள்.