ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க வெஸ்டர்ன் தொடர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘மேவரிக்’ பார்க்க ஆரம்பித்தேன். 1957இல் வந்த முதல் சீசனில் ‘அக்கார்டிங் டு ஹோய்ல்’ எபிசோட் ரொம்பப் பிடித்தது. சமந்தா கிராஃபோர்ட் என்கிற அழகி தேனொழுகப் பேசி, தேர்ந்த சூதாடியான பிரெட் மேவரிக்கையே சீட்டில் கவிழ்த்துவிடுகிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படிக் காதல் பேசிப் பணம் பறிப்பதெல்லாம் அந்தக் காலத்தில் நிஜமாகவே நடந்ததா, கதாசிரியர்களின் கற்பனையா? தொடர் வண்ணத்தில் கிடைக்குமா? அடுத்து எந்த எபிசோட் பார்க்கலாம்?

சிரித்து முடித்ததும் என் அண்ணன் ஞாபகம் வந்தது. நாற்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை, நல்ல வேலை. திருமணத் தளம் ஒன்றில் பழகிய பெண்ணுக்கு நாலே மாதத்தில் சேமிப்பை எல்லாம் அனுப்பிவிட்டார். நேரில் முகம்கூடப் பார்த்ததில்லை. போன வாரம்தான் என்னிடம் சொன்னார். இவ்வளவு படித்த ஒருவர் இப்படி ஏமாளியாக இருக்க முடியுமா? அந்த மெசேஜ்களை எல்லாம் அழித்துத் தலைமுழுகச் சொல்லிவிட்டேன். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். என் பெயரைப் போட வேண்டாம்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேவரிக் முழுக்கக் கருப்பு வெள்ளைதான். அடுத்து ‘ஷேடி டீல் அட் சன்னி ஏக்கர்ஸ்’ பாருங்கள், 1958இல் வந்தது. தொடரைப் பற்றி இன்றைக்கு இது போதும். உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நிலத்தில் ஏமாந்தவரிடம், சீட்டு கம்பெனியில் பணத்தை விட்டவரிடம் உச்சுக் கொட்டுகிறோம். காதலில் ஏமாந்தவரிடம் மட்டும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. இது ஏன் என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேவரிக்கைப் பார்த்து நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை. அந்தத் தொடரை உருவாக்கிய ராய் ஹக்கின்ஸ் திட்டமிட்டு அமைத்த உலகம் அது. பிரெட் மேவரிக் சீட்டாடிப் பிழைப்பவன். சமந்தாவும் அதே தொழில். சமந்தாவாக நடித்த டயான் புரூஸ்டர் அந்த அமெரிக்கத் தென்மாகாண உச்சரிப்பை வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பேசுவார். எத்தனுக்கு எத்தன் வந்த கதை. தோற்றவன் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். அங்கே பலியானவர் என்று யாருமே கிடையாது, அதனால் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்துவந்து உங்கள் அண்ணன் மேல் கொட்டியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிஜமாக நடந்ததா என்று கேட்டீர்கள். நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே நிலம் தேடியும் தங்கம் தேடியும் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பல ஊர்களில் கல்யாணத்துக்குப் பெண்ணே கிடையாது. அதனால் வரன் தேடுவதற்கென்றே பத்திரிகைகள் வந்தன. கன்சாஸ் சிட்டியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வெளிவந்த ‘மேட்ரிமோனியல் நியூஸ்’ 1887இல் நாற்பது சொல் விளம்பரத்துக்கு ஆண்களிடம் 25 சென்ட் வாங்கியது. பெண்களுக்கு இலவசம். பெயரும் முகவரியும் வராது, எண் மட்டும்தான். நல்லபடியாகக் குடும்பம் நடத்தியவர்கள் நிறையப் பேர் அந்த வழியில் சேர்ந்தவர்கள்தான். ஆனால் பெயரில்லாத இடத்தில் யாரும் யாராகவும் இருக்கலாம் என்பது மோசடிக்காரர்களுக்கும் உடனே புரிந்துவிட்டது.

அதில் மிகக் கொடுமையான கதை ஒன்றைச் சொல்கிறேன். இந்தியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊர். அங்கே பெல் கன்னஸ் என்றொரு விதவை, நார்வேயிலிருந்து வந்தவள், பண்ணை வைத்திருந்தாள். அமெரிக்காவில் வந்துகொண்டிருந்த நார்வே மொழிப் பத்திரிகைகளில், வசதியுள்ள கணவன் தேவை என்று விளம்பரம் கொடுப்பாள். தெற்கு டகோட்டாவில் விவசாயம் பார்த்த ஆண்ட்ரூ ஹெல்கெலியன் பதில் எழுதினார். 1906இல் தொடங்கி 1908 ஜனவரி வரை கடிதப் போக்குவரத்து. அவள் எழுதியதெல்லாம் தாய்மொழியில். சொந்த ஊர்ப் பண்டங்களைச் சமைத்துத் தருவதாக எழுதினாள். ‘என்றென்றைக்கும் தங்கிவிடும்படி வா’ என்று எழுதினாள். டகோட்டாவின் பனிக்காலத்தில் தன்னந்தனியாக இருக்கிற ஒருவரின் கைக்கு, தன் பாஷையில், தன் பெயர் போட்டு அப்படி ஒரு கடிதம் வருவதை நினைத்துப் பாருங்கள். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். அதே கடிதங்களில் அவள் வேறு சிலவும் எழுதினாள். பணத்தையெல்லாம் பெரிய நோட்டுகளாக மாற்றி உள்ளாடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வா என்றாள். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே, நெருங்கிய சொந்தக்காரர்களிடம்கூட என்றாள். காதல் வார்த்தையை விட முக்கியமான வரி இதுதான். இந்தத் தொழிலே அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம் ஒருவர் மனதில் ஏற்கெனவே இருந்தால் போதும், மோசடிக்காரிக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. அந்தப் பயத்தை அவள் உண்டாக்க வேண்டியதில்லை. நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோம். உங்கள் அண்ணன் நாலு மாதம் உங்களிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? முதல் தடவை பணம் கேட்டபோதே சொல்லியிருந்தால் நீங்கள் தடுத்திருப்பீர்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் அதைத்தான் சொல்லியும் இருக்கிறீர்கள்.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் இருந்தார். எனக்கு மாமா முறை. கடிதத்திலேயே நிச்சயம் ஆகி, ஒரு தரகர் மூலமாகப் பணமும் நகையும் போன பிறகுதான் அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் எதிர்வரிசையிலிருந்து யாராவது, “என்ன மாப்ளே, தபால் வந்துச்சா?” என்பார்கள். ஒரு தடவை ரசத்துக்குச் சோறு போட்ட இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அவரை எந்த விசேஷத்திலும் பார்க்க முடியவில்லை. பணத்தைத் தரகர் கொண்டுபோனார். மனுஷனைக் கொண்டுபோனது பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஆண்ட்ரூ கதைக்கு வருகிறேன். லா போர்ட் வங்கியில் தன் சேமிப்பை, கிட்டத்தட்ட 3000 டாலரை, எடுத்த பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய சகோதரர் ஆஸ்லே ஹெல்கெலியன் ‘பெண் மோகத்தில் போய்விட்டான்’ என்று கைகழுவவில்லை. ஆண்ட்ரூவின் வீட்டில் தேடினார். அத்தனை கடிதங்களும் பத்திரமாக இருந்தன. அந்த முகவரிக்கு எழுதினார். அவன் இங்கிருந்து போய்விட்டான் என்று பெல் பதில் போட்டாள். தேடுவதென்றால் செலவாகும், என் உழைப்புக்கும் பணம் தரவேண்டும் என்று அதிலும் பேரம் பேசினாள்! ஆஸ்லே நம்பவில்லை. 1908 ஏப்ரல் 28 அன்று அவள் வீடு தீப்பிடித்து எரிந்தது. மே முதல் வாரம் ஆஸ்லே அங்கே போய் நின்றார். போலீசார் தீயைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள், ஆண்ட்ரூவை யாரும் தேடவில்லை. ஊர் திரும்பக் கிளம்பியவர் மனம் கேட்காமல் மறுபடி வந்து பண்ணை ஆளிடம் கேட்டார்: சமீபத்தில் இங்கே எங்காவது குழி தோண்டினார்களா, மூடினார்களா? பன்றிப் பட்டியில் சில பள்ளங்களை மண் போட்டு நிரவச் சொன்னாள் என்று அந்த ஆளுக்கு நினைவு வந்தது. மே 5 அன்று தோண்டினார்கள். ஆண்ட்ரூவின் உடல் அங்கே இருந்தது. மேலும் தோண்டத் தோண்ட, இன்னும் பல உடல்கள். அவர்களில் பலர் அவளுடைய கடிதத்தை நம்பி வந்தவர்கள். அதுவரை அவர்களைத் தேடி அந்தப் பண்ணையில் யாரும் மண்வெட்டியைக் கையில் எடுத்ததில்லை.

பெல் தீயில் செத்தாளா, தப்பினாளா என்று இன்றுவரை எழுதித் தள்ளுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமே இல்லை. எனக்கு ஆஸ்லேதான் முக்கியம். அவரும் ஒரு விவசாயி. இவ்வளவு பெரிய விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம், காதலித்தவர் கடிதங்களை எறியாமல் வைத்திருந்ததும், கூடப்பிறந்தவர் அவற்றைக் கேலி செய்யாமல் உட்கார்ந்து படித்ததும்தான்.

நீங்களோ மெசேஜ்களை அழிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! அந்த மெசேஜ்கள்தான் சாட்சி. இதைப் படித்த உடனே அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். இன்னும் அழிக்கவில்லை என்றால் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு, எவ்வளவு போனது என்று வங்கி அறிக்கையைப் பார்த்து எழுதி வையுங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. பணம் ஏதாவது கணக்கில் இன்னும் தங்கியிருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆக அதுவும் போய்விடும். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். அங்கே யாராவது சிரித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர் இல்லை.

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். அண்ணன் வேலை பார்க்கும் இடம், ஊர், தொகை எல்லாவற்றையும் கடிதத்திலிருந்து நீக்கியிருக்கிறேன். உங்களுக்கு மானம் போகும் என்பதற்காக இல்லை, அவர் அனுமதி இல்லாமல் அவர் கதையைச் சொல்ல நம் இரண்டு பேருக்கும் உரிமை கிடையாது என்பதால். புகார் பதிவானதும் எழுதுங்கள்.

அன்புடன்.