குழந்தைகளின் குடலும் ஆய்வுகளும்: சில கேள்விகள், சில பதில்கள்

குழந்தைகள் நலப் பிரிவிலும் அதையொட்டிய ஆய்வுப் பணிகளிலும் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளின் வயிறு, குடல் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் குறித்துக் கேட்கலாம் என்று அறிவித்ததும் வந்த கேள்விகளில் பாதி, "இதற்கு என்ன மருந்து கொடுக்கலாம்?" என்ற வகையைச் சேர்ந்தவை. குழந்தையை நேரில் பார்க்காமல் மருந்து சொல்வது எனக்கு வழக்கமில்லை. ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்: டாக்டரம்மா, என் மகனுக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்தோம். ஆனாலும் பத்தாம் மாதத்தில் ரோட்டா வைரஸால் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. கொடுத்த மருந்து வீண்தானா?

வீண் இல்லை அம்மா. அந்த மருந்து எதைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை உங்களிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை போலும். நம் நாட்டில் உருவான ரோட்டாவேக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து, முடிவுகளை 2014இல் வெளியிட்டார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு முதல் வயதில் சுமார் 56 விழுக்காடு குறைந்தது. "கடுமையான" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் மகனுக்குப் பேதி வந்ததா என்பதைவிட, குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலைக்குப் போனானா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்த வைரஸ் இயற்கையாக ஒருமுறை தொற்றினாலும் நம் குழந்தைகளுக்கு முழுப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. இதைக் காட்டியதும் வேலூர்தான். ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா ஆகிய நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைக் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். குழந்தை நன்றாக இருந்தாலும் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மலம் சேகரிக்கப்பட்டது. பேதி வந்துவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆராய்ச்சி என்றதும் நமக்கு வெள்ளை அங்கியும் நுண்ணோக்கியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த ஆய்வைத் தாங்கி நின்றவர்கள், கையில் மல டப்பாவோடு சந்து சந்தாக நடந்த அந்தப் பெண்களும், "மறுபடியும் வந்துவிட்டீர்களா?" என்று சலித்துக்கொள்ளாமல் கதவைத் திறந்த தாய்மார்களும்தான்.

இறுதிவரை நிலைத்த 373 குழந்தைகளின் கணக்கு 2011இல் வெளிவந்தது. மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வில், இரண்டுமுறை தொற்றிய குழந்தைக்கு அதன்பின் நடுத்தர அல்லது கடுமையான பேதி வரவே இல்லை. வேலூரிலோ மூன்றுமுறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். வைரஸே மூன்றுமுறை வந்து முழுமையாகக் கற்றுக்கொடுக்க முடியாத பாடத்தை, மூன்று தவணைச் சொட்டு மருந்து முழுமையாகக் கற்றுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கோவையிலிருந்து செவிலியர் படிப்பு மாணவி: அதே மருந்து வெளிநாட்டுக் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்து, நம் குழந்தைகளிடம் மட்டும் ஏன் குறைவாக வேலை செய்கிறது? தாய்ப்பாலைச் சற்று நேரம் நிறுத்திவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தால் பலன் கூடுமா?

இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில்: பலன் அதிகமாகாது, நிறுத்தவும் வேண்டாம். இதே எண்ணம் ஆய்வாளர்களுக்கும் தோன்றி, டெல்லியிலும் தென்னாப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் தனித்தனியாகச் சோதித்தார்கள். தாய்ப்பாலை நிறுத்திவைத்ததால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை.

முதல் கேள்வி மிகப் பழையது. வேலூரில் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே போலியோ சொட்டு மருந்தில் இதைக் கண்டார். மேலை நாடுகளில் மூன்று தவணையில் கிடைத்த எதிர்ப்பாற்றல் இங்கே கிடைக்கவில்லை. ரோட்டாவிலும் அதே கதைதான் தொடர்ந்தது. ஐரோப்பாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்புத் தந்த ஒரு மருந்து தென்னாப்பிரிக்காவில் சுமார் 77 விழுக்காடும், மலாவியில் 49 விழுக்காடும் மட்டுமே தந்தது.

காரணத்தைத் தேடினால் குடலின் உட்சுவருக்கே போக வேண்டியிருக்கிறது. வேலூரில் குடல் நோய் ஆய்வாளர் செல்வின் பேக்கர் காலத்திலிருந்தே, நோய் எதுவும் இல்லாதவர்களின் சிறுகுடலிலும் குடல் உறிஞ்சிகள் விரல்களைப் போல நீண்டிராமல் குட்டையாகவும் அகன்றும் இருப்பது பதிவாகியிருந்தது. இது பிறவியில் வந்த இனக்கூறு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவிலிருந்து பாகிஸ்தானுக்குப் போய்த் தங்கிய தன்னார்வலர்களின் குடலிலும் இதே மாற்றம் ஏற்பட்டு, ஊர் திரும்பிய சில மாதங்களில் சரியாகிவிட்டது. கிருமி மிகுந்த நீரும் மண்ணும் நாள்தோறும் உரசிக்கொண்டே இருக்கும் குடல், சொட்டு மருந்தில் இருக்கும் வலுவிழந்த வைரஸை மட்டும் தனியே கவனிக்கும் நிலையில் இருப்பதில்லை. தாயின் எதிர்ப்பொருள்களுக்கும் இதில் பங்குண்டு.

கிருமிகளைக் குறைத்துவிட்டால் மருந்து நன்றாக வேலை செய்யும் அல்லவா என்று நீங்கள் கேட்கக்கூடும். வேலூரிலேயே அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன. போலியோ சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. 2016இல் வெளியான இந்த முடிவை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. ஒரு விளக்கம் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும், சோதித்துப் பார்க்கும்வரை அது விளக்கம் மட்டுமே.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை: இந்தச் சொட்டு மருந்தால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்கிறார்களே?

முறுக்கிக்கொள்வதன்று, குடல் செருகல். அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள், மடக்குக் குடை போல, நுழைந்துகொள்வது. இந்த அச்சம் வெறும் வதந்தியிலிருந்து பிறந்ததன்று. அமெரிக்காவில் 1998இல் வந்த ரோட்டாஷீல்டு என்ற முதல் மருந்து, ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தச் சிக்கலை உண்டாக்குவது தெரியவந்ததால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் அடுத்து வந்த ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் ஆகிய இரு மருந்துகளையும் தனித்தனியே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். இந்தியாவில் ரோட்டாவேக் 2016 முதல் படிப்படியாக அறிமுகமானபோது, பல மாநில மருத்துவமனைகளில் குடல் செருகலைத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். மருந்துக்கும் செருகலுக்கும் தொடர்பு தெரியவில்லை என்பது 2020இல் வெளியான முடிவு.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி: எங்கள் காலத்தில் குழந்தை வீறிட்டு அழுதால் குடலேற்றம் என்று குடல் தட்டுவோம், தொக்கம் எடுப்போம். உரைமருந்தும் உண்டு. எல்லாமே தப்பா?

எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம் அம்மா. பெரும்பாலான குழந்தைகளின் அழுகை மூன்று, நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் செய்ததற்கெல்லாம் பெயர் கிடைத்துவிடும், குடல் தட்டினாலும் சரி, கடையில் வாங்கிய கிரைப் வாட்டரானாலும் சரி. தொக்கம் எடுப்பதில் வாயிலிருந்து வெளியே வருவதாகக் காட்டப்படும் உணவுத் துணுக்கு, குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததன்று. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் குடல் தட்டுவதைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஏழு மாதக் குழந்தை ஒன்று, கால்களை வயிற்றோடு மடக்கிப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீறிடும். இடையிடையே ஒன்றுமே நடக்காததுபோல் சோர்ந்து கிடக்கும். இரண்டு இடங்களில் வயிற்றைத் தட்டி உருவிவிட்டு, மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது அணையாடையில் மலம் செம்பருத்திப் பூவைக் கசக்கியது போல, சளியும் இரத்தமும் கலந்து இருந்தது. குடல் செருகல். முதல் நாளே வந்திருந்தால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீரையோ செலுத்திச் செருகலை விடுவித்திருக்கலாம். அன்று அறுவை சிகிச்சை செய்து, ஒரு சாணுக்கும் மேல் குடலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. விட்டு விட்டு வரும் அழுகை, பச்சை நிற வாந்தி, இரத்தம் கலந்த மலம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் யாரும் வயிற்றில் கை வைக்கக் கூடாது.

மருந்துக் கடை நடத்தும் ஒருவர்: அட்டைப்பெட்டியில் விற்ற பழச்சுவை ஓ.ஆர்.எஸ். பானங்களுக்குத் தடை என்கிறார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்?

உப்பும் குளுக்கோசும் குடல் சுவரில் ஒரே வாயில் வழியாகச் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு, சர்க்கரைக் கரைசலின் வேலை அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் உண்டு. சர்க்கரை பன்மடங்கு கூடினால், உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி அதிகமாகும். 2002இல் கலவையையே மாற்றி உப்பையும் குளுக்கோசையும் குறைத்ததற்கு, கரைசலின் செறிவைத் தணிக்க வேண்டும் என்ற இதே காரணம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது சரியானது. என் கருத்தில் மிகவும் தாமதமானது.

1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் குளுக்கோஸ் புட்டிகள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்கள் கையாலேயே கொடுக்கச் செய்து பல உயிர்களைக் காப்பாற்றினார். அவ்வளவு எளிய மருந்தை அழகுபடுத்தப் போய்த்தான் கெடுத்தோம். நீங்கள் பொட்டலத்தை விற்கும்போது, "முழுப் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு நாளுக்குள் தீர்க்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள். துத்தநாக மாத்திரையையும் மருத்துவர் எழுதிய நாள்கள் முழுவதும் கொடுக்கச் சொல்லுங்கள். பேதி நின்றதும் பாதி அட்டையை அலமாரியில் போட்டுவிடுவதுதான் நம் வீடுகளின் வழக்கம்.

அதே அன்பர்: நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் என்று விற்கும் புரோபயாட்டிக் பொடிகள்?

கனடாவிலும் அமெரிக்காவிலும் 2018இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், திடீர் வயிற்றுப்போக்குக்கு அவை பயன் தரவில்லை. ஒடிசாவில் பச்சிளம் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரைக் கொடுத்ததில் இரத்தத் தொற்று குறைந்ததாக 2017இல் வந்த முடிவு முக்கியமானது. ஆனால் அந்த நுண்ணுயிர் வேறு, அந்த நோக்கமும் வேறு. உங்கள் அலமாரியில் இருக்கும் பொடிக்கு அது சான்றாகாது.

சென்னையிலிருந்து ஒரு தாய்: நான்கு வயது மகளுக்கு அடிக்கடி வயிறு உப்புகிறது. குளூட்டன்தான் காரணம் என்று படித்துவிட்டு, கோதுமையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. சரிதானே?

பரிசோதனைக்கு முன்பே நிறுத்தியதுதான் தவறு. கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் சுவர் பழுதாவது சீலியாக் நோய். அதைக் காட்டும் இரத்த எதிர்ப்பொருள்கள், கோதுமை சாப்பிடும்வரைதான் உயர்ந்திருக்கும். நிறுத்திய பின் சோதித்தால், நோய் இருந்தாலும் இல்லையென்று வரலாம். குழந்தை மருத்துவரைப் பார்த்து, மீண்டும் கோதுமை கொடுத்த பின் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ கண்டறிந்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் வாடியதும் அவர் முன்பே கொண்டிருந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. 1950இல் அதைத் தம் ஆய்வேடாக்கினார்.

நம் நாட்டில் பி.எஸ். இராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும்தான் இந்த நோய் காணப்பட்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. வேறுபட்டது தட்டில் விழுந்த கோதுமை: அங்கே நாளொன்றுக்கு 455 கிராம், இங்கே 25 கிராம். நம் வீடுகளில் இரவு உணவு சப்பாத்தியாக மாறிவரும் இந்தக் காலத்தில் தெற்கின் கணக்கு அப்படியே நிற்குமா என்று நான் ஐயுறுகிறேன். எனவே உங்கள் மகளுக்கு இருக்காது என்று தள்ளிவிடவும் மாட்டேன். ஒன்று கேட்கிறேன்: சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிறீர்களா? கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவுதான் கலக்கப்படுகிறது. ஆகவே நீங்கள் இந்த இரண்டு மாதமும் முழுமையாக நிறுத்தியிருக்க வாய்ப்பும் குறைவு.

மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியை: வணக்கம் டொக்டர். தரம் மூன்றில் படிக்கும் ஒரு மாணவன் அடிக்கடி உடுப்பிலேயே மலம் கழித்துவிடுகிறான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். தாயார் வயிற்றோட்டம் என்கிறார். உண்மையா?

பெரும்பாலும் இது வயிற்றோட்டம் அல்ல, நேர் எதிரான மலச்சிக்கல். ஒருமுறை வலியோடு மலம் கழித்த பிள்ளை, அடுத்தமுறை முட்டும்போது அடக்கிவிடுகிறது. கதவு மூலையில் போய், கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிவிரலில் நின்று முகம் சிவக்கும். முக்குகிறான் என்று வீட்டில் நினைப்பார்கள், அவன் அடக்கிக்கொண்டிருப்பான். நாள்கள் போகப் போக மலம் கெட்டிப்பட்டு மலக்குடல் விரிந்து, உணர்ச்சியே மங்கிவிடும். மேலிருந்து வரும் நீர்த்த மலம் அந்தக் கட்டியைச் சுற்றி ஒழுகும். அது ஒழுகுவது அவனுக்கே தெரியாது. அடிப்பதாலும் அதட்டுவதாலும் பயனில்லை என்பதை அருள்கூர்ந்து தாயாரிடம் சொல்லுங்கள்.

உங்கள் நாட்டிலேயே இத்துறையில் சிறந்த பணி நடந்திருக்கிறது. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண குழுவினர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், வீட்டிலும் பள்ளியிலும் நேரும் மன அழுத்தங்கள் மலச்சிக்கலோடு சேர்ந்து வருவது தெரிந்தது. சிகிச்சையில் முதலில் கட்டியைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். பிறகு மலம் இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளைக் குறைந்தது இரண்டு மாதமாவது தொடர வேண்டும். ஒரு வாரத்தில் நிறுத்தினால் பழைய நிலையே. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து: ஆய்வு ஒன்றில் எங்கள் குழந்தையைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

மருந்து ஆய்வானால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் பதிவு கட்டாயம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையாது என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் இருந்தால், நான் என் பேரனைச் சேர்த்திருப்பேன்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: குழந்தை பிறந்து மூன்று நாள். இன்னும் முதல் மலமே போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது. வெற்றிலைக் காம்பு வைக்கலாம் என்கிறார்கள்.

வைக்க வேண்டாம். முதல் மலம் 48 மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். ஐயாயிரத்தில் ஒரு குழந்தை, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலேயே பிறப்பதுண்டு. 1886இல் டென்மார்க்கின் ஹிர்ஷ்ப்ருங் விவரித்த நோய் அது. காம்பு வைத்தால் சற்று மலம் வந்து, நோய் மறைந்துகொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். நோய் இருந்தால் அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும். காரணம் இதுவாகவே இருக்க வேண்டுமென்பதில்லை, ஆனால் உப்பிய வயிறு காத்திருக்காது. குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு இன்றே, இப்போதே கொண்டுபோங்கள். பால் குடித்ததா, வாந்தி பச்சையாக இருந்ததா என்று அங்கே கேட்பார்கள்; கவனித்துவைத்துச் சொல்லுங்கள்.