‘வேகத் தணிப்பு’ என்றால் என்ன? மதுரை போன்ற ஊரில் சைக்கிள் ஓட்டுபவருக்கு அதனால் என்ன பயன்?

வண்டியைத் தடுக்காமல், சாலையின் அமைப்பாலேயே அதன் வேகத்தைக் குறைப்பதுதான் வேகத் தணிப்பு.

ஓட்டுநர் வேக வரம்புப் பலகையைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதில்லை. சாலையின் அகலத்தைப் பார்த்துத்தான். பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவர் இலைகளுக்கு நடுவே இடம் அகலமாக இருந்தால் ஓடுவார், நெருக்கமாக இருந்தால் நிதானிப்பார். மாசி வீதிகளில் கூட்ட நேரத்தில் தானாக நடப்பதும் இதுதான். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால் பங்காகிவிடும். 40 கி.மீ. வேகத்தில் ஆபத்தைக் கண்டு, பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும், 20 கி.மீ. என்றால் 8 மீட்டர் போதும். சைக்கிள்காரருக்கு உயிர் அந்த 12 மீட்டரில் இருக்கிறது.

எங்கே சொதப்புகிறது? பெரும்பாலும் வேகத்தடையில். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின்படி அது வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். தெருவில் அவசரத்துக்குக் கொட்டுவதோ அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தான மேடு. இடுப்பு ஒடியும். பைக்குகள் ஓரத்து இடைவெளிக்குள் நுழையும், அங்கேதான் சைக்கிள் வரும். வெள்ளைப் பட்டையும் இல்லையென்றால் இரவில் கேட்கவே வேண்டாம். மேட்டைவிட, தெருமுனை வளைவை இறுக்கமாக்குவது மேல். திரும்பும் வண்டி தானே அடங்கும்.

‘வேகம் குறைந்தால் ஊர் ஸ்தம்பித்துவிடும்’ என்பது தவறான எண்ணம்: ஒரு கிலோமீட்டரை 40-க்குப் பதில் 25-இல் கடந்தால் கூடுவது 54 விநாடி, ஒரு சிக்னலில் நிற்கும் நேரம்.